ஹாஜியார் விழுங்கிய குளிசை

கல்யாணம் முடிந்து மருதமுனையில் பெண் வீட்டுக்குக் குடிவந்த சில நாட்களிலேயே றினாஸுக்கு இரண்டு விடயங்கள் விளங்கிவிட்டன. மாமி சுபைறா பரிமாறும்போது 'போதும்' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அர்த்தம் கிடையாது. மாமா அச்சிமுகம்மது ஹாஜியார் மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கவில்லை. தன்னுடைய நெல் ஆலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்.

"மருமகன், சுபஹு தொழுதிட்டு அப்பிடியே மில்லுப் பக்கம் வாங்க. சும்மா ஒரு பார்வ பாத்திட்டுப் போகலாம்" என்பார் ஹாஜியார்.

சும்மா பார்க்கப் போன முதல் நாளே மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை றினாஸின் தலையில் விழுந்தது. அடுத்த நாள் அவனுக்கென்று ஒரு கதிரை போடப்பட்டது. அதற்கடுத்த நாள் அந்தக் கதிரைக்கு நேர்மேலே ஒரு மின்விசிறி பூட்டப்பட்டிருந்தது. மின்விசிறி பூட்டிய கதிரையிலிருந்து ஒருவன் ஆயுள் முடியும்வரை எழும்ப முடியாது.

அவனுடைய ஆசை வேறு. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்த கையோடு, ஒரு கொழும்புக் கம்பனியின் கடற்பாசிக் குளிசைகளை மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிந்து விற்கத் தொடங்கியிருந்தான். குளிர்ந்த கடல்களில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த பொலிபினோல் அடைத்த குளிசை. உடம்பைக் குறைக்கும், கொலஸ்ட்ரோலை இறக்கும் என்று போத்தலோடு வந்த துண்டுத்தாள் சொன்னது. றினாஸ் அதை நம்பினான். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டினான்.

கம்பனியின் விற்பனை மேலாளர் பர்ஸான் தொலைபேசியில் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: "பெரிய வீதியில ஒரு கடை பிடிங்க. கல்முனைப் பகுதி முழுக்க உங்களுக்கு."

பெரிய வீதியில் ஒரு கடை இருந்தது. மில்லின் முன்னறை. கதவு வீதியைப் பார்த்திருக்கும். உள்ளே வெறும் சாக்குகள் குவிந்து கிடக்கும். அதைப் பூட்டிய திறப்பு ஹாஜியாரின் இடுப்புப் பட்டியில் தொங்கும்.

ஒரு பகல் சாப்பாட்டு நேரம் றினாஸ் துணிந்து வாயைத் திறந்தான்.

"மாமா, அந்த முன்னறையத் தந்தீங்கண்டா நான் அதில ஏஜென்சி போடுவன்."

"என்னத்துக்கு ஏஜென்சி?"

"கடற்பாசிக் குளிசைக்கு."

ஹாஜியார் பிடித்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். "பாசியா? அதக் காலால தள்ளிட்டுத்தானே நம்மட ஆக்கள் கடல்ல எறங்கிற."

"நோம்புக்கு நாம கடப்பாசி காச்சிறம்தானே" என்றாள் சுபைறா குசினியிலிருந்து. "சீனியும் பாலும் போட்டு. இவ்வளவு வருசமாத் திண்டும் நான் மெலியல்லியே."

"மாமி, அது வேற பாசி. இது நாம திங்கிற கொழுப்ப உடம்பு முழுசா உறிஞ்ச விடாது."

சுபைறா அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "அப்ப நான் நெய் ஊத்தி ஆக்கிறதெல்லாம் வீணாப் போகுமா?"

அவளுடைய கவலை உண்மையானது. ஹாஜியார் கையைக் காட்டி அவளை அமைதியாக்கினார். அவர் மூளைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய கொலஸ்ட்ரோல் இருநூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. டொக்டர் தவணை கொடுத்திருந்தார்: வாயைக் கட்டுங்கள், குறையாவிட்டால் ஆயுளுக்கும் குளிசைதான்.

"சரி, மருமகன். உங்கட குளிசைய நான் திங்கிறன். மூணு மாசம். கொலஸ்ட்ரோல் எறங்கினா முன்னற உங்களுக்கு. எறங்கல்லண்டா நீங்க மில்லில வந்து இரிக்கணும். மறுகா குளிசக் கதையே எடுக்கப்படாது."

"பந்தயமா மாமா?"

"அஸ்தஃபிருல்லாஹ். பந்தயம் ஹறாம். இது உடன்படிக்கை."

மகள் பஸ்மினா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவள். ஆகவே நடுவரும் அவளே என்று முடிவாயிற்று. டொக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்று ஒரேயொரு நிபந்தனை போட்டாள். தைரொயிட் கோளாறு ஒன்றும் இல்லையா என்று விசாரித்துவிட்டு டொக்டரும் தலையாட்டினார். அன்று பின்னேரமே மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மாமாவையும் மருமகனையும் ஏற்றிப் பார்த்தார், நெல் காயும் களத்தை மேற்பார்வை செய்யும் தங்கத்துரை. மூட்டை நிறுத்த நிறையை மறக்காத மனுஷன். இந்த இரண்டு மூட்டைகளையும் மறக்கவில்லை.

ஹாஜியாரின் திட்டம் மிக எளிமையானது. குளிசை வேலை செய்யாவிட்டால் மருமகன் மில்லுக்கு. வேலை செய்துவிட்டால்? அந்த ஆபத்துக்கு அவர் இடமே வைக்கவில்லை.

ஒவ்வொரு பகலும் சாப்பாட்டுக்கு முன் றினாஸ் போத்தலைத் திறந்து இரண்டு குளிசைகளை எடுப்பான். ஒன்று மாமாவுக்கு, ஒன்று தனக்கு. விற்கிறவன் தின்னாமல் விற்கக்கூடாது என்பது அவன் கொள்கை. ஹாஜியார் பிஸ்மி சொல்லி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டை அசைவதையும் காட்டுவார். பிறகு கை கழுவப் பின்பக்கம் போவார். போகிற வழியில் கன்னத்துக்குள் ஒதுக்கிய குளிசை சட்டைப் பைக்கு இடம் மாறும்.

அதை வீசிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வீசுவது அவரால் ஏலாது. பாயில் சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கித் தின்கிற மனிதர். வீண்விரயம் செய்கிறவனைக் கண்டால் வீதியில் வைத்தே ஏசுகிறவர். ஆகவே குளிசைகள் மில்லுக்குப் போய், மேசைக்குப் பின்னால் உள்ள சுவர்த் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணிக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இனிச் சாப்பாடு.

அந்த வீட்டில் ஆண்களுக்குப் பகல் சாப்பாடு சஹனில்தான். ஒரே பெரிய வட்டத் தட்டில் சோறு பரப்பி, கறிகளை மேலே வைத்து, பாயில் எதிரெதிரே இருந்து கைபோட்டுத் தின்பது. மாப்பிள்ளை தனிப் பீங்கானில் தின்றால் வீட்டோடு ஒட்டமாட்டார் என்பது சுபைறாவின் நம்பிக்கை. கல்யாணத்துக்கு முன் ஹாஜியார் தனியே இருந்து தின்றார். இறைச்சி எந்தப் பக்கம் வைத்தாலும் அவருக்குத்தான். கல்யாணத்தின் பின் சஹனுக்கு இரண்டு பக்கங்கள் உண்டாகின.

சுபைறா சஹனைக் கொண்டுவந்து வைக்கிற விதமே ஒரு கலை. மாட்டிறைச்சி, பொரித்த கோழித் துண்டு, நெய்யில் வதக்கிய ஈரல், அவித்த முட்டை எல்லாம் மருமகனுக்கு நேராக வந்து நிற்கும். அந்தப் பக்கம், ஹாஜியாருக்கு நேராக, பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் வெள்ளரிக்காயும் இருக்கும்.

கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். ஆனால் ஹாஜியார் கையை நீட்ட மாட்டார். தனக்கு முன்னால் உள்ளதை மட்டும் தின்ன வேண்டும் என்பது சஹனின் ஒழுங்கு. ஊரில் எந்தக் கல்யாண வீட்டில் யார் அடுத்தவர் பக்கம் கையை விட்டாலும், "தம்பி, உங்கட முன்னால உள்ளத தின்னுங்க" என்று முதலில் சொல்கிற ஆள் அவர்தான். அந்த வாயை வைத்துக்கொண்டு மருமகனின் பக்கம் ஈரல் எடுக்க முடியுமா? அவர் வெள்ளரிக்காயை மென்றார். சுபைறா ஒருநாளாவது சஹனைக் கவனிப்பாள் என்று காத்திருந்தார். சுபைறாவின் கண்கள் மருமகனின் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

றினாஸும் முயற்சி செய்யாமலில்லை. ஒருநாள் ஒரு இறைச்சித் துண்டை விரலால் மெல்ல மாமாவின் எல்லைக்குள் தள்ளினான்.

"என்ன மருமகன், என்ட சமையல் பிடிக்கல்லியா?" என்றாள் சுபைறா உடனே.

"பிடிச்சிரிக்கி மாமி. கூடிப்போச்சி."

"பக்கத்து வீட்டு முஸ்பிறாட மருமகன் வந்த வருசமே மெலிஞ்சி எலும்பாப் போனார். வீட்டில ஆக்கிறல்லியாம் எண்டு ஊரெல்லாம் கத. நான் அந்தப் பேச்சுக் கேக்கணுமா?"

தள்ளிய துண்டு திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

காலையில் முட்டைக் கோப்பி, பகலில் சஹன், பின்னேரம் வட்டிலப்பம், இரவு எருமைத் தயிர். நடுவில் ஒரு கடற்பாசிக் குளிசை. றினாஸின் சட்டைப் பொத்தான்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விடைபெற்றன.

"இஞ்ச பாருங்க" என்றாள் பஸ்மினா ஒருநாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து. "வர வர எனக்கு இதில இடம் கொறஞ்சிட்டு வருது."

"சீற் சுருங்கியிரிக்கி. வெயில்ல அப்பிடித்தான்."

"ஓம் ஓம். வெயிலுக்கு உங்கட சட்டையும் சுருங்கியிரிக்கி."

மூன்று மாதம் முடிந்த காலை, வெறும் வயிற்றில் இருவரிடமும் பஸ்மினா இரத்தம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் அவள் வந்தபோது வாப்பா வாசலில் கதிரை போட்டு இருந்தார். தோற்றவனுக்கு ஆறுதல் சொல்லும் வார்த்தைகள்கூட அவரிடம் ஆயத்தமாக இருந்தன.

"வாப்பா, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

"ஆருட?"

"உங்கட."

"மெசின் பிழையாக்கும்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சன். ரெண்டாந் தரமும் போட்டுப் பார்த்தன். அதேதான்."

றினாஸ் எழும்பி நின்றான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இருந்தான். பிறகு மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். காயப்போட்ட நெல்லில் மழை விழுந்தவனின் முகத்தோடு சொன்னார்.

உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தார். சாறன் இரண்டு மடிப்பு கூடுதலாகச் சுற்றியிருந்தது. இதை இவ்வளவு நாளும் எப்படிக் கவனிக்காமல் விட்டார்? கன்னத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுத்ததற்கே இந்த வேகம் என்றால், விழுங்கியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாரே. ஹாஜியார் சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். குளிசையை உண்மையிலேயே நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரம் அடுத்த அறையில் பஸ்மினா இன்னொரு தாளைக் கணவனிடம் நீட்டினாள்.

"இது உங்கட. இருநூத்தி அறுபத்தெட்டு."

றினாஸின் மகிழ்ச்சி பாதியில் நின்றது. "எனக்கு எப்பவும் நல்லாத்தானே இருந்த?"

"கல்யாணத்துக்கு முதல் நல்லாத்தான் இருந்த. நீங்களும் அதே குளிசையத்தானே திண்ட?"

"ஆளுக்கு ஆள் உடம்பு வேறதானே."

"ஓமா?" என்றாள் பஸ்மினா. அடுத்த நாள் பகல் சஹன் வைத்தபோது வாசலில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி ஊருக்குள் ஓடிவிட்டது. பள்ளிவாசல் வாசலில் ஹாஜியாரின் இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். "எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டவர்களுக்கு அவர் வானத்தைக் காட்டினார். பர்ஸானோ கொழும்பிலிருந்து துள்ளினார். ஒரு மண்டபம் பிடியுங்கள், ஹாஜியார் மேடையில் நாலு வார்த்தை பேசட்டும், அங்கேயே முன்னறைத் திறப்பை உங்கள் கையில் கொடுக்கட்டும், நான் அங்கேயே ஏஜென்சியை அறிவிக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் என்று முடிவாயிற்று.

வெள்ளி காலை றினாஸ் முன்னறையைத் துப்புரவாக்க மில்லுக்குப் போனான். சாக்குகளை அள்ளிப் போட்டான். குளிசைப் போத்தல்களை அடுக்கும் தட்டுகள் இந்தப் பக்கம், தன் மேசை அந்தப் பக்கம் என்று மனதுக்குள் கடையைத் திறந்து வியாபாரமும் நடத்தினான். நாலு சாக்கு தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. வயிறு கூப்பிட்டது. இப்போதெல்லாம் அது மணிக்கொரு தரம் கூப்பிடும். அலுவலக அறைக்குள் போய்க் கண்ணை ஓட்டினான். தட்டில் ஒரு பிஸ்கட் பேணி.

மூடியைத் திறந்தான். வலை காயப்போட்ட கரைபோல ஒரு மணம் எழும்பியது. உள்ளே, வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று மாதக் குளிசைகள் ஒரு கட்டியாகக் கிடந்தன.

"தம்பி, அத தின்னாதீங்க" என்றார் பின்னால் வந்த தங்கத்துரை. "அது ஹாஜியார்ர. ஒவ்வொரு நாளும் ஒண்டு கொண்டுவந்து போடுவார். நான் மனுசன் முத்துச் சேக்கிறாராக்கும் எண்டு நினைச்சன்."

றினாஸ் பேணியை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஹாஜியார் உள்ளே வந்தார். பேணியைக் கண்டார். முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

"மாமா, இது என்ன?"

"வீசினா வீண்விரயம், மருமகன்."

"விழுங்கினா?"

ஹாஜியார் பேணியின் மூடியைப் போட்டு மூடினார். "விழுங்கினா நீங்க வெண்டிருவீங்க. முன்னறைய எடுத்திட்டு உங்கட பாட்டில போயிருவீங்க. மில்லுக்கு ஆளில்லாம இல்ல. தங்கத்துர இரிக்கான். பத்து மணித் தேத்தண்ணி வருதில்லியா, அதக் குடிக்கக்க பக்கத்தில நம்மட ஒராள் இருந்தா நல்லமெண்டு ஒரு ஆச. அவ்வளவுதான்."

"அதுக்கு மின்விசிறியா பூட்டுற? தேத்தண்ணிக்கு வா எண்டு கூப்பிட்டா வரமாட்டனா?"

"கூப்பிட்டா வருவீங்களா?"

"மில்லு முன்னறையில இருக்கிறவன் தேத்தண்ணிக்கு எங்க போற?"

ஹாஜியார் இதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோபப்படலாமா என்று ஒரு கணம் றினாஸ் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி வந்து குறுக்கே நின்றது.

"மாமா, நீங்க ஒண்டும் திங்கல்லயெண்டா கொலஸ்ட்ரோல் எப்பிடி எறங்கின?"

"நான் நெனச்சன், கன்னத்தில வெச்சி எடுத்ததுக்கே எறங்கிட்டெண்டு."

றினாஸ் சாக்குக் குவியலில் விழுந்து சிரித்தான். ஹாஜியாருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்தபின் அவன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய தாளை எடுத்துக் காட்டினான். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு வாசித்து, சிரிப்பை நிறுத்தினார்.

"யா அல்லாஹ். இது நான் இருந்த இடமெல்லவா?"

தங்கத்துரை இரண்டு பேரையும் மூட்டைத் தராசில் ஏற்றினார். முதலில் ஹாஜியார். பிறகு றினாஸ். முள்ளைப் பார்த்துவிட்டு வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்த்தார்.

"ஹாஜியாரில குறைஞ்சது எவ்வளவோ, அவ்வளவும் தம்பியில ஏறியிருக்கு. ஒண்டும் களவு போகல்ல. சரக்கு வீட்டுக்குள்ளதான் கிடக்கு."

ஜும்ஆத் தொழுகை முடிந்து பகல் சாப்பாட்டுக்கு இருவரும் பாயில் இருந்தார்கள். பேணிக் கதை பஸ்மினாவின் காதுக்கு எட்டியிருந்தது. சுபைறா சஹனைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல இறைச்சி மருமகனின் பக்கம், வெள்ளரிக்காய் ஹாஜியாரின் பக்கம். பஸ்மினா குனிந்தாள்.

"உம்மா, கொஞ்சம் பொறுங்க. இதத் திருப்பி வெக்கிறன்."

சஹனின் விளிம்பைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள். மாட்டிறைச்சியும் ஈரலும் முட்டையும் ஹாஜியாரின் முன்னால் வந்து நின்றன. பருப்பும் முருங்கையிலையும் றினாஸின் முன்னால் வந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு ஈரலை நேருக்கு நேர் கண்ட ஹாஜியாரின் கண்கள் கலங்கினமாதிரி இருந்தன.

"வாப்பாட மருந்து இந்தச் சஹன்தான்" என்றாள் பஸ்மினா. பிறகு கணவனைக் காட்டினாள். "அவர்ட வருத்தமும் இதுதான்."

மூவரும் சஹனையே பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தவள் சுபைறா.

"அப்ப என்ட கைதானா உங்கள மெலிய வெச்ச?" அவள் முகம் மலர்ந்தது. புருஷனின் பக்கம் பார்த்துப் பெருமையாகத் தலையை நிமிர்த்தினாள். பிறகு பார்வை ஒற்றைப் பொத்தானில் நின்ற மருமகனின் சட்டைக்கு வந்தது. மலர்ந்த முகம் மெல்ல வாடியது. "என்ட றப்பே. மருமகனுக்கு நானா வருத்தம் குடுத்த?"

"இல்ல மாமி. பாசத்தத்தான் குடுத்த. கொஞ்சம் நெய்யோட."

ஹாஜியார் ஈரலுக்கு நீட்டிய கையைப் பஸ்மினாவின் பார்வை பாதியில் நிறுத்தியது. "இப்ப இதுக்கு முடிவென்ன?" என்றார் அவர். "பின்னேரம் கூட்டம். சனம் வரும். நான் மேடையில ஏறிப் பொய் செல்லமாட்டன். உண்மையச் செல்லிட்டா ஏஜென்சி போயிரும். மருமகன், நீங்க முடிவச் செல்லுங்க. உங்கட தொழில்."

றினாஸ் பருப்பில் விரலை வைத்தபடி இருந்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அந்தக் கடை அவனுடையது. மாமாவின் தாளில் உள்ள எண்ணும் பொய்யில்லை. தட்டுகள் இந்தப் பக்கம், மேசை அந்தப் பக்கம்.

"நீங்க ஒண்டும் செல்லவேணாம் மாமா" என்றான். "சும்மா வாங்க."

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் இடதுபக்கம். பர்ஸான் கழுத்துப்பட்டியோடு வந்து, பழுப்புப் பாசியைப் பற்றித் திரையில் படம் காட்டினார். பிறகு குரலை உயர்த்தி, "இப்ப நம்ம ஹாஜியார் தன் வாயால சொல்வார்" என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

ஹாஜியார் வாங்கினார். தொண்டையைச் செருமினார். மருமகனைப் பார்த்தார். றினாஸ் மேடையில் ஏறி ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"நான் இவர்ட மருமகன். இந்தக் குளிசைய இவர் ஒண்டும் விழுங்கல்ல. அத நான் இண்டைக்குக் காலையிலதான் கண்டு பிடிச்ச. ஒரு நாளும் விடாம விழுங்கின ஆள் நான். நல்லாப் பாருங்க." பக்கவாட்டில் திரும்பி நின்றான். மிஞ்சியிருந்த கடைசிப் பொத்தான் அந்த நேரம் பார்த்துத் தெறித்து, முன்வரிசையில் இருந்தவரின் மடியில் விழுந்தது.

மண்டபம் வெடித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து பஸ்மினாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

பர்ஸான் சிரித்துச் சமாளித்தார். "ஆளுக்கு ஆள் உடம்பு வித்தியாசம்தானே."

"ஓம். ஆனா சஹன் ஒண்டுதான்" என்றான் றினாஸ். பிறகு சஹனின் கதையை முழுவதும் சொன்னான். இறைச்சிப் பக்கம், வெள்ளரிப் பக்கம், மாமியின் கை எல்லாம். "பாசியில சத்தில்லயெண்டு நான் செல்லல்ல. அது எனக்குத் தெரியாது. மாமிட நெய் அதவிட பலமா இருந்திச்சி. அது எனக்குத் தெரியும். டொக்டர் தந்த குளிசைய நிப்பாட்டிட்டு ஆரும் இத வாங்காதீங்க. என்னட்ட வாங்கினாக்கள் போத்தலத் திருப்பித் தந்தா காசத் தாறன்."

நடுவரிசையில் ஒரு பருத்த மனிதர் எழும்பினார். "அப்ப ஹாஜியார், நாங்க மெலியிறதுக்கு என்ன செய்யிற?"

ஹாஜியார் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தார். "வீட்டுக்கு ஒரு மருமகன் எடுங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குள் பர்ஸான் திரையைச் சுருட்டிக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டார். ஏஜென்சியும் அதே வாகனத்தில் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் மில்லின் முன்னால் ஹாஜியார் நின்றார். இடுப்புப் பட்டியிலிருந்து திறப்பைக் கழற்றி நீட்டினார்.

"வேணாம் மாமா. குளிசைக்கு எறங்கல்லியே. நான் தோத்திட்டன்."

"உடன்படிக்கையில என்ன செல்லியிரிக்கி? கொலஸ்ட்ரோல் எறங்கினா முன்னற உங்களுக்கு. எறங்கிட்டு. நான்தான் தோத்த. களவு செஞ்சும் தோத்த."

"இல்ல மாமா, நான்தான்."

"மருமகன், நான் மூத்தவன். தோக்கிற உரிம எனக்குத்தான்."

"ரெண்டு பேரும் தோத்திட்டீங்க, வாங்க போவம்" என்றாள் பஸ்மினா. திறப்பை வாப்பாவின் கையிலிருந்து எடுத்துக் கணவனின் சட்டைப் பையில் போட்டாள். பொத்தானில்லாத அந்தச் சட்டையில் பை மட்டும்தான் ஒழுங்காக இருந்தது.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு றினாஸ் தானாகவே மில்லுக்குப் போனான். கதிரைக்கல்ல, களத்துக்கு. காயும் நெல்லைக் காலால் உழக்கிக் கிளறுகிறவர்களோடு சேர்ந்து மேலும் கீழும் நடந்தான். வயிறு போகும்வரை நடப்பதாகத் தங்கத்துரையிடம் சொல்லியிருந்தான். "அப்ப அடுத்த போகமும் வருவீங்க" என்றார் தங்கத்துரை. பத்து மணிக்கு வியர்வையோடு வந்து பார்த்தபோது, மேசையில் இரண்டு தேத்தண்ணி இருந்தது. கதிரைக்கு மேலே மின்விசிறி இல்லை. அது முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஏணியடியில் நின்று ஹாஜியார் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அறையில என்ன போடப்போறீங்க மருமகன்?"

"தெரியாது மாமா. யோசிக்கணும்."

"யோசிங்க. காத்து இரிக்கிதானே."

பகலில் சுபைறா சஹனோடு வந்து நின்றாள். வைக்காமல் நின்றாள். புருஷனைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள், வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு பாயில் வைத்தாள். அன்றைக்கு இறைச்சி எந்தப் பக்கமும் இல்லை. சோற்றின் நட்டநடுவில் ஒரு சின்னக் குன்றாக இருந்தது. சுற்றிவர வெள்ளரிக்காயும் பருப்பும் கீரையும்.

றினாஸ் மெல்ல நடுவை நோக்கிக் கையைக் கொண்டுபோனான்.

"மருமகன்" என்றார் ஹாஜியார். "அல்லாஹ்ட பறக்கத்து நடுவிலதான் எறங்கும். ஓரத்திலிருந்துதான் தின்னணும்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். இரண்டு பேரும் பிஸ்மி சொல்லி, தத்தம் ஓரத்திலிருந்து வெள்ளரிக்காயை மென்றபடி, ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டு, நடுவை நோக்கிப் புறப்பட்டார்கள்.